கப்பல் டெக்கில் ஹெலிகாப்டர்: கேமராவை வைத்து மீட்டர் கணக்கில் பின்தொடர்வது எப்படி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்துக்கு வெளியே காத்து நிற்கும் கப்பல்களை ப்ளஃப் மேட்டிலிருந்து பார்த்துப் பழகியவர்களுக்கு, அவற்றை நோக்கிப் பறக்கும் சிறிய ஹெலிகாப்டரும் பழக்கமானதுதான். கடல் கொந்தளிக்கும்போது கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிநடத்தும் துறைமுகப் பைலட், படகிலிருந்து கயிற்றேணியில் தாவி ஏறுவது ஆபத்து. அதனால் டர்பனிலும் ரிச்சர்ட்ஸ் பேயிலும் பைலட்டை ஹெலிகாப்டரில் கொண்டுபோய், சரக்கறையை மூடும் ஹேட்ச் மூடியின்மேல் இறக்குகிறார்கள், அல்லது வின்ச் கம்பியில் தொங்கவிட்டு இறக்குகிறார்கள். ஏணியின் ஆபத்து இதனால் குறைகிறது. ஆனால் டெக்கில் நிற்பவர்களுக்கு வேறு ஆபத்துகள் வருகின்றன: ரோட்டர், வால் ரோட்டர், காற்றில் கிளம்பும் தார்ப்பாய், பக்கத்தில் நிற்கும் கிரேன்.

இங்கே சொல்லப்போகும் அமைப்பு டெக் பொறுப்பு அதிகாரிக்கு மூன்று விஷயங்களைக் காட்டும். ஹெலிகாப்டர் இறங்குமிடத்திலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது. அருகிலுள்ள தடைக்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி. இறங்குமிடத்தைச் சுற்றிய ஆபத்து வட்டத்துக்குள் ஆள் யாரும் இருக்கிறாரா. இறங்குவதா திரும்பிப் போவதா என்ற முடிவு எப்போதும் ஹெலிகாப்டர் ஓட்டுபவருடையது. அவருக்கு இந்தத் திரையின் எண்களை வானொலியில் வாசித்துக்கொண்டிருக்கக் கூடாது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். படத்தில் ஹெலிகாப்டரைக் கண்டுபிடித்துச் சுற்றிலும் கட்டம் போடுவது இன்று ஒரு வார வேலை. அந்தக் கட்டத்தை நம்பத்தகுந்த மீட்டராக மாற்றுவதற்குத்தான் மாதக்கணக்கில் ஆகும். முதல் வாரத்தின் அழகான காணொளியைப் பார்த்து வேலை முடிந்தது என்று நினைப்பதே இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் தவறு.

கேமராவும் லென்சும்

படம் முழுவதையும் ஒரே கணத்தில் பதியும் குளோபல் ஷட்டர் உள்ள கேமராதான் வேண்டும். ரோட்டர் நுனி நொடிக்கு ஏறக்குறைய 200 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. படத்தை வரி வரியாகப் பதியும் ரோலிங் ஷட்டரில் அந்த இறக்கைகள் வாழைமட்டைபோல் வளைந்து தெரியும். கப்பல் எஞ்சினின் அதிர்வில் உடற்பகுதியின் விளிம்பும் நெளியும். சோனியின் ஐஎம்எக்ஸ்392 சென்சார் உள்ள தொழிற்சாலைக் கேமரா இதற்குப் போதும்: 1920×1200 பிக்சல், ஒவ்வொரு பிக்சலும் 3.45 மைக்ரான். எக்ஸ்போஷர் நேரத்துக்கு 1/1000 நொடி என்று மேல்வரம்பு வைத்துவிடுங்கள். முழுத் தானியங்கியில் விட்டால் ஹெலிகாப்டரின் மின்னும் விளக்கு ஒவ்வொன்றுக்கும் படம் இருண்டு வெளுக்கும்.

எந்த லென்ஸ் என்பதைக் கணக்குப் போட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டும். குவியத் தூரத்தைப் பிக்சல் அளவால் வகுத்தால் பிக்சல் கணக்கிலான குவியத் தூரம் கிடைக்கும். 6 மி.மீ. லென்சுக்கு அது 6 ÷ 0.00345, அதாவது சுமார் 1739. பொருளின் அளவை இதனால் பெருக்கித் தொலைவால் வகுத்தால் அது எத்தனை பிக்சலில் தெரியும் என்பது வந்துவிடும். ஏ109 வகை ஹெலிகாப்டரின் உடல் ஏறக்குறைய 11 மீட்டர் நீளம். பக்கவாட்டில் 300 மீட்டர் தொலைவில் பார்த்தால் 60 பிக்சலுக்கு மேல் தெரியும், தாராளம். ஆனால் அது கப்பலை நோக்கி வரும்போது நாம் பார்ப்பது அதன் முகத்தை மட்டுமே. ஒன்றரை மீட்டர் சொச்சம் அகலமுள்ள உடல் அதே 300 மீட்டரில் 9 பிக்சல்தான். அந்தப் படத்தை, ஹெலிகாப்டரைக் கண்டறியும் கணினி மாடலுக்காக 640 பிக்சலுக்குச் சுருக்கினால் மிஞ்சுவது 3 பிக்சல். வெகு தொலைவிலேயே பிடிக்கும் என்று பக்கவாட்டுப் படங்களை வைத்துச் சோதித்துச் சொல்லிவிட்டு, நேர்முகமாக வரும்போது கோட்டைவிடுவதற்கு இதுவே காரணம்.

ஆகவே மூன்று கேமரா வையுங்கள். கப்பலை இயக்கும் இடமான பிரிட்ஜின் இருபக்கமும் நீளும் சிறகுகளில் 6 மி.மீ. லென்சோடு ஒவ்வொன்று, இவை சுமார் 58 பாகை அகலம் பார்க்கும். நடுவில் 16 மி.மீ. லென்சோடு ஒன்று, இது 23 பாகைதான் பார்க்கும், ஆனால் பிக்சல் குவியத் தூரம் 4638. தொலைவில் வருவதை நடுக்கேமரா பிடிக்கும். அருகில் வந்ததும் இரண்டு ஓரக் கேமராக்களும் சேர்ந்து அளக்கும்.

மற்ற சாமான்கள்: 316 தர எவர்சில்வர் உறை, சூடேற்றும் முன்கண்ணாடி, ஜெட்சன் ஓரின் வகைக் கணினி, கவசமிட்ட ஈதர்நெட் கேபிள் 100 மீட்டருக்கு மிகாமல், 24 வோல்ட் பேட்டரி ஆதரவு. எவர்சில்வர் உறையை அலுமினியத் தாங்கியில் நேரடியாக முடுக்கினால் உப்பு ஈரத்தில் அலுமினியம் அரித்துப்போகும். இடையில் நைலான் வாஷர் போடுங்கள். பிணையத்தில் ஒரு கண்ணி உண்டு. 8 பிட் படம் நொடிக்கு 30 வீதம் அனுப்பினால் ஒரு கேமராவுக்கே 550 மெகாபிட் செலவாகும். மூன்றையும் ஒரு சுவிட்சில் செருகி ஒரே ஜிகாபிட் கம்பியில் கணினிக்குக் கொண்டுவந்தால் படங்கள் சொல்லாமல் தொலையும். கேமராவுக்கு ஒரு போர்ட், அல்லது 10 ஜிகாபிட் மேலிணைப்பு வேண்டும்.

கப்பலில் எதைப் பொருத்துவதற்கு முன்பும் கப்பல் தலைவரிடமும், கப்பலின் பாதுகாப்புத் தரத்துக்குச் சான்றளிக்கும் வகைப்பாட்டு நிறுவனத்திடமும் அனுமதி வாங்க வேண்டும். இரும்பும் காந்தமும் உள்ள உறையைத் திசைகாட்டிக்கு அருகே வைக்கக் கூடாது. ரேடார் கற்றை படும் இடத்தையும் தவிருங்கள். எண்ணெய்க் கப்பலின் வாயு அபாயப் பகுதியில் வெடிப்புக் காப்புச் சான்று பெற்ற கருவிகளைத் தவிர வேறெதையும் வைக்க முடியாது. இது பணத்தை மிச்சம்பிடிக்கும் இடமல்ல.

வெளிச்சமும் உப்பும்

டர்பன் தெற்கே ஏறத்தாழ 30 பாகையில் இருப்பதால் நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் வடக்கில்தான் நிற்கும். ஜூனில் அது 37 பாகை உயரத்தைத் தாண்டாது. வட அரைக்கோளத்துக்கு எழுதிய வழிகாட்டிகள் கேமராவை வடக்கு நோக்கி வைக்கச் சொல்லும். இங்கே அது தலைகீழ். நங்கூரத்தில் நிற்கும் கப்பல் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் திரும்பிக்கொண்டே இருக்கும் என்பதால் ஒரே திசையை நம்பவும் முடியாது. கப்பலின் திசைகாட்டி எண்ணை வாங்கி, சூரியன் கேமராவின் பார்வைக்குள் வரும் நேரத்தை மென்பொருளே கணக்கிட்டு, அப்போது நம்பகத்தைத் தானாகக் குறைத்துக் காட்டட்டும். கேமராவை 10 பாகை கீழே சாய்த்து, லென்சுக்கு மேல் நிழல் தகடு வைத்தால் காலை, மாலை தவிர மற்ற நேரங்களில் சூரியன் நேரடியாக உள்ளே வராது. கடல்மேல் விழும் மினுக்கம் மட்டும் வரும்.

ஹெலிகாப்டரின் நிழல் டெக்கில் விழும்போது மாடல் அதை இரண்டாவது ஹெலிகாப்டர் என்று நினைக்கும். பயிற்சிப் படங்களில் நிழலைத் தனி வகையாகக் குறித்துவிட்டால் இது தீரும்.

உப்புப் படலம் ஒரே நாளில் வந்துவிடாது, மெல்ல மெல்லப் படியும். அதனால்தான் யார் கண்ணிலும் படாது. தினமும் ஒரு குறிப்பிட்ட பொருளின் விளிம்புக் கூர்மையை அளந்து எழுதி வையுங்கள். அந்த எண் தொடங்கியதில் பாதிக்கு வந்தால் நன்னீரில் கழுவும் நேரம். ரிச்சர்ட்ஸ் பேயில் நிலக்கரி ஏற்றும் கப்பலானால் தூசும் சேர்ந்து ஒட்டும். உலர்ந்த துணியால் தேய்த்தால் கண்ணாடி கீறும். முதலில் நீர், பிறகுதான் துணி.

கேலிப்ரேஷன்: இங்கே அவசரப்படாதீர்கள்

கேலிப்ரேஷன் என்பது படத்தின் பிக்சலை உண்மையான இடத்தோடு பொருத்தும் அளவீடு. ஒவ்வொரு கேமராவுக்கும் லென்ஸ் படத்தை எவ்வளவு வளைக்கிறது என்பதை முதலில் அளக்க வேண்டும். சதுரங்கக் கட்டம் அச்சிட்ட விறைப்பான பலகை ஒன்றை எடுத்து, படத்தின் நான்கு மூலைகளும் நிறையும்படி 25 முதல் 30 படங்கள் எடுங்கள். காகிதத்தை அட்டையில் ஒட்டினால் டர்பன் ஈரப்பதத்தில் உப்பி, அளவு கெட்டுவிடும். அலுமினியத் தகட்டில் அச்சிட்டது நல்லது. ஓப்பன்சிவி என்ற படக் கணிப்பு மென்பொருள் தரும் மறுவீச்சுப் பிழை (கணக்கின்படி புள்ளி விழ வேண்டிய இடத்துக்கும் படத்தில் அது தெரியும் இடத்துக்கும் உள்ள வித்தியாசம்) 0.5 பிக்சலுக்குக் கீழே வரவேண்டும். உறையின் முன்கண்ணாடியோடு சேர்த்தே இதைச் செய்யுங்கள், கண்ணாடியும் ஒளியை வளைக்கும்.

அடுத்து, கேமரா கப்பலில் எங்கே, எப்பக்கம் பார்த்து நிற்கிறது என்பது. டெக்கில் எளிதில் நகராத 12 புள்ளிகளையாவது தேர்ந்தெடுங்கள்: ஹேட்ச் மூலைகள், கம்பிப் பிடிமானங்கள், கிரேன் அடித்தளத்தின் போல்ட்டுகள். எல்லாம் ஒரே தளத்தில் இருக்கக் கூடாது. உயரமான புள்ளிகளும் வேண்டும். நில அளவைக் கருவியால் அவற்றை அளந்து, படத்திலுள்ள இடங்களோடு பொருத்துங்கள்.

ஒரே கேமராவை வைத்து, டெக்கின் நான்கு மூலைகளைக் கொண்டு தள மாற்றம் (படப்புள்ளியை டெக் தளத்தின் புள்ளியாக மாற்றும் கணக்கு) செய்து, ஹெலிகாப்டரின் இடத்தைச் சொல்லப் பலர் முயல்வார்கள். டெக்மேல் நிற்கும் ஆளுக்கு அது சரி. காற்றில் இருக்கும் பொருளுக்கு அது பொய் சொல்லும். கேமரா டெக்கிலிருந்து 20 மீட்டர் உயரம், ஹெலிகாப்டர் 40 மீட்டர் தள்ளி, சக்கரம் டெக்குக்கு 5 மீட்டர் மேலே என்று வையுங்கள். கேமராவிலிருந்து சக்கரம் வழியாகப் போகும் கோடு டெக்கைத் தொடும் இடம் 40 × 20 ÷ 15, அதாவது 53 மீட்டர். 13 மீட்டர் பிழை. ஏ109 ஒன்றின் முழு நீளமே ரோட்டரோடு சேர்த்து அவ்வளவுதான். திரையில் எண் அழகாக, ஆடாமல் நிற்கும். அதனால் யாருக்கும் சந்தேகமும் வராது.

எனவே இரண்டு கேமரா, அவற்றுக்கு இடையே நல்ல இடைவெளி. பழைய பனாமா கால்வாய் அளவில் கட்டிய பல்க் கேரியரின் (நிலக்கரி, தானியம் போன்றவற்றை மொத்தமாக ஏற்றும் கப்பல்) அகலம் 32 மீட்டருக்குச் சற்று அதிகம். சிறகுகளில் 28 மீட்டர் இடைவெளி எளிதாகக் கிடைக்கும். 80 மீட்டர் தொலைவில் ஒரு பிக்சல் தவறு நேர்ந்தால் ஆழத்தில், அதாவது கேமராவிலிருந்து உள்ள தூரத்தில், 13 செ.மீ. பிழை வரும். அதே இரண்டு கேமராக்களை 1 மீட்டர் கம்பியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பிழை 3.7 மீட்டராகிவிடும். கடைகளில் கிடைக்கும் இரட்டைக் கண் கேமராக்கள் இந்த வேலைக்கு உதவாததன் காரணம் இதுவே.

இவ்வளவு அகலமான இடைவெளிக்கு ஒரு விலை உண்டு. இரண்டு கேமராவும் ஹெலிகாப்டரின் வெவ்வேறு பக்கங்களைப் பார்க்கின்றன. ஒன்றின் கட்டத்து மையமும் மற்றதன் கட்டத்து மையமும் ஒரே புள்ளி அல்ல. கட்டத்தின் மையங்களை வைத்து முக்கோணக் கணக்குப் போடாதீர்கள். குறிப்பிட்ட உறுப்புகளைக் கண்டறியும் மாடலைப் பயிற்றுவியுங்கள்: ரோட்டர் தலை, மூக்கு நுனி, வால் நுனி, சக்கரங்கள். எந்தப் பக்கத்திலிருந்தும் தெரிவது ரோட்டர் தலைதான். அதை முதன்மையாக வையுங்கள். ஏ109இன் சக்கரங்கள் உள்மடங்குபவை, இறங்கும் நேரத்தில்தான் வெளியே வரும் என்பதால் சக்கரத்தை மட்டும் நம்பினால் தொலைவில் ஒன்றும் கிடைக்காது.

இரண்டு கேமராவும் ஒரே கணத்தில் படம் எடுக்க வேண்டும். ஒரு பிரேம், அதாவது 33 மில்லிநொடி, விலகினால் நொடிக்கு 5 மீட்டர் பக்கவாட்டில் நகரும் ஹெலிகாப்டர் 17 செ.மீ. இடம் மாறியிருக்கும். 80 மீட்டரில் அது மூன்றரைப் பிக்சல். ஆழத்தில் கிட்டத்தட்ட அரை மீட்டர். மென்பொருள் நேர முத்திரை போதாது. எல்லாக் கேமராவையும் ஒன்றாகப் படமெடுக்கச் சொல்லும் டிரிகர் கம்பியோ, பிணையம் வழியே கடிகாரங்களை ஒன்றாக்கும் பிடிபி நேர ஒத்திசைவோ கட்டாயம்.

சிறகுகள் வெயிலில் விரியும், எஞ்சினில் அதிரும். கேமரா 0.1 பாகை திரும்பினாலே 3 பிக்சல் நகர்ந்துவிடும். அதனால் ஹெலிகாப்டர் வருமுன் ஒவ்வொரு முறையும், பிறகு நிமிடத்துக்கு ஒரு முறையும், அளந்து வைத்த டெக் புள்ளிகள் படத்தில் இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கின்றனவா என்று மென்பொருள் பார்க்கட்டும். 2 பிக்சலுக்கு மேல் விலகினால் மீட்டர் எண்ணையே திரையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

பயிற்சிப் படங்கள்

பொதுவில் கிடைக்கும் மாடல்கள் ஹெலிகாப்டரை ஓரளவு அறியும். ஆனால் கப்பல் டெக் பின்னணியில் தடுமாறும். இரண்டாயிரம் மூவாயிரம் படங்களைக் குறித்துச் சேர்த்தால் நல்ல தொடக்கம். வெறும் ஹெலிகாப்டர் படங்கள் மட்டும் போதாது. கடற்பறவை, கிரேன் கொக்கி, துறைமுகப் படகு, வெற்று வானம், மழைத்துளி விழுந்த லென்ஸ் ஆகியவையும் வேண்டும். உம்கேனி ஆற்று முகத்துவாரத்தில், ப்ளூ லகூன் பக்கம் ஒரு காலைப்பொழுது நின்றாலே பறவைப் படங்கள் வேண்டிய அளவு கிடைக்கும். வர்ஜீனியா விமான நிலையத்துக்கு அருகே பொது இடத்திலிருந்து தாழப் பறக்கும் ஹெலிகாப்டர்களையும் பல கோணங்களில் எடுக்கலாம். துறைமுகத்துக்குள் படமெடுக்க முன் அனுமதி வேண்டும். மாலுமிகளின் முகம் தெரியும் பதிவுகளுக்குத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். முகத்தை மங்கலாக்கிச் சேமியுங்கள்.

படங்களைப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரிக்கும்போது பிரேம் வாரியாகப் பிரிக்காதீர்கள். ஒரே காணொளியின் 100ஆவது பிரேம் பயிற்சியிலும் 101ஆவது சோதனையிலும் இருந்தால், மாடல் மனப்பாடம் செய்ததையே ஒப்பித்து 99 விழுக்காடு வாங்கும். நாள் வாரியாகப் பிரியுங்கள். சோதனை நாட்களில் ஒன்றாவது தென்மேற்குக் காற்று வீசிய சாம்பல் நாளாக இருக்கட்டும்.

பின்தொடர்தல்

பிரேமுக்குப் பிரேம் இணைக்கக் கால்மன் வடிகட்டி (அடுத்த இடத்தைக் கணித்து, புதிய அளவீட்டால் திருத்தும் கணக்கு) போதும். அது கணக்கில் வைத்துக்கொள்வது ஆறு எண்கள்: மூன்று திசைகளில் இடம், மூன்று திசைகளில் வேகம். கணக்கைக் கப்பலோடு ஒட்டிய அச்சில் வைத்துக்கொள்ளுங்கள். கேமராவும் டெக்கும் சேர்ந்தே ஆடுவதால் இந்த அச்சில் அளவீடு அப்படியே சரியாக இருக்கும். ஆனால் காற்றில் அசையாமல் நிற்கும் ஹெலிகாப்டர்கூட, கப்பல் ஆடும்போது கேமராவுக்கு ஆடுவதுபோலத் தெரியும். 12 நொடிக்கு ஒரு முறை 3 பாகை ஆடும் கப்பலில் அந்தப் போலி நகர்வு உச்சத்தில் நொடிக்கு 48 பிக்சல் வரை போகும். வடிகட்டி அதை ஹெலிகாப்டரின் வேகம் என்று எடுத்துக்கொண்டு, அடுத்த கணிப்பைத் தவறாகப் போடும். நொடிக்கு 100 முறை ஆட்டத்தை அளக்கும் ஐஎம்யூ ஒன்றைக் கேமராத் தாங்கியிலேயே பொருத்தி, அந்த ஆட்டத்தைக் கணிப்பில் சேருங்கள்.

ரோட்டர் நுனியைப் படத்தில் தேடாதீர்கள். அது பெரும்பாலும் மங்கலாகவே இருக்கும். ரோட்டர் தலையின் இடத்தைக் கண்டு, ஏ109க்கு ஏறக்குறைய 5.5 மீட்டர் ஆரத்தைக் கூட்டி, ஒரு தட்டாக வையுங்கள். கிரேன்களையும் முன்பாய்மரத்தையும் உருளைகளாக வரைந்துகொள்ளுங்கள். தட்டுக்கும் உருளைக்கும் உள்ள குறைந்தபட்சத் தூரம்தான் இடைவெளி. அதிலிருந்து வடிகட்டி சொல்லும் நிச்சயமின்மையின் இருமடங்கைக் கழித்துத்தான் காட்ட வேண்டும். 6 மீட்டர் இடைவெளி, நிச்சயமின்மை 1 மீட்டர் என்றால் திரையில் 4 என்று வரட்டும்.

ரோட்டர் காற்றில் தெறிக்கும் நீர்த்திவலை, கடைசிப் பத்து மீட்டரில் ஹெலிகாப்டரை மறைத்துவிடலாம். அப்போது வடிகட்டி தன் கணிப்பை மட்டும் நம்பி ஓடும். அரை நொடிக்கு மேல் இரண்டு கேமராவும் காணவில்லை என்றால் எண்ணை அழித்து "தெரியவில்லை" என்று எழுதுங்கள். பழைய இடத்தை உறையவைத்துக் காட்டுவது இந்த அமைப்பு செய்யக்கூடிய தவறுகளிலேயே மிகக் கொடியது. கணினியே நின்றுபோனாலும் திரை உறையக் கூடாது. ஒரு மூலையில் நொடிக்கு ஒரு முறை நகரும் குறி இருக்கட்டும். அது நின்றால் திரையை நம்பக் கூடாது என்று எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

ஆள் எச்சரிக்கை இதைவிட எளிது. ஆள் டெக்மேல் நிற்பதால் இங்கே தள மாற்றம் சரியாக வேலைசெய்யும். பாதம் படும் புள்ளியை எடுத்தால் போதும். வின்ச் இடத்தில் 5 மீட்டர் விட்டமுள்ள மஞ்சள் வட்டம் நடுவிலும், ஹெலிகாப்டர் நீளத்தின் இருமடங்கு விட்டமுள்ள இயக்க வட்டம் சுற்றிலும் இருக்கும். ஏ109க்கு வெளிவட்டம் சுமார் 26 மீட்டர். நியமிக்கப்பட்டவர்களைத் தவிர யாராவது அதற்குள் வந்து, 5 பிரேமில் 3இல் தெரிந்தால் ஒலி எழட்டும். ஒரு பிரேமுக்கே ஒலித்தால் பொய் எச்சரிக்கை பெருகும். இரண்டாம் நாளே யாரோ ஒலிபெருக்கியின் கம்பியைப் பிடுங்கிவிடுவார்கள்.

இரவில் வெப்பக் கேமரா உதவும், ஆனால் அதன் முன்னால் சாதாரணக் கண்ணாடி வைத்தால் ஒன்றும் தெரியாது. ஜெர்மேனியம் ஜன்னல் வேண்டும். எஞ்சின் புகைச்சூடு உடலைவிடப் பிரகாசமாக இருப்பதால் மையம் பின்னால் இழுபடும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்குதானே என்று டெக்கில் பொருத்திவிடாதீர்கள். இரவுக் கண்ணாடி அணிந்து ஓட்டுபவருக்கு 850 நானோமீட்டர் விளக்கு கண்கூசும் வெளிச்சம்.

சோதனை

ஹெலிகாப்டர் இல்லாமலேயே பெரும்பகுதியைச் சோதிக்கலாம். கப்பலின் சொந்தக் கிரேன் கொக்கியில் ஒரு மீட்டர் அகலமுள்ள ஆரஞ்சுப் பந்தைக் கட்டி, டெக்கிலிருந்து 2, 5, 10, 15 மீட்டர் உயரங்களில் நிறுத்தி, நில அளவைக் கருவியால் உண்மையான இடத்தை எடுத்து ஒப்பிடுங்கள். படத்தில் பந்தைக் கையாலேயே குறிக்கலாம். மாடல் இங்கே தேவையில்லை. சோதிப்பது வடிவியலை மட்டும். ஒவ்வோர் உயரத்திலும் அரை மீட்டருக்குள் வராவிட்டால் கேலிப்ரேஷனுக்குத் திரும்புங்கள், மாடலைத் தொடாதீர்கள். காலையில் ஒரு முறை, வெயில் ஏறியபின் ஒரு முறை செய்தால் சிறகு விரிவதும் எண்ணில் தெரியும்.

தொலைவில் சோதிக்க ஏடிஎஸ்-பி உதவும். வானூர்தி தன் இடத்தைத் தானே ஒலிபரப்பும் முறை இது. 1090 மெகாஹெர்ட்ஸ் வாங்கும் மலிவான யுஎஸ்பி ரேடியோ ஒன்றிருந்தால், அதை ஒலிபரப்பும் ஹெலிகாப்டரின் இடம் நொடிக்கு இரு முறை வரை கிடைக்கும். டெக் அருகே அதன் துல்லியம் போதாது, ஆனால் 500 மீட்டரில் மாடல் எப்போது பிடித்தது, எப்போது விட்டது என்று எழுத அது போதும்.

பிறகு குறைந்தது 30 இறக்கங்களுக்கு யாருக்கும் திரையைக் காட்டாமல் பதிவு மட்டும் செய்யுங்கள். ஒவ்வொரு பதிவையும் பிறகு கையால் பார்த்து, தொலைந்த நொடிகள், தவறான எச்சரிக்கைகள், படம் எடுத்ததிலிருந்து எண் திரைக்கு வரப் பிடித்த நேரம் மூன்றையும் குறியுங்கள். இந்தத் தாமதம் 200 மில்லிநொடியைத் தாண்டினால், நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வரும் ஹெலிகாப்டரை 2 மீட்டர் பழைய இடத்தில் காட்டுகிறீர்கள் என்று பொருள். அதைச் சரிசெய்யப் பெரிய கணினி வாங்குவதற்கு முன் கேமராவின் இயக்கி மென்பொருளில் எத்தனை படங்கள் வரிசையில் காத்திருக்கின்றன என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கே பத்துப் படங்கள் தேங்கியிருக்கும். அதை ஒன்றாகக் குறைத்தால் தாமதம் பாதிக்கு மேல் போய்விடும்.